கடலில் இருப்பவரைச் சேர்க்காமல்

அரியாங்குப்பம்
9.2.2025

அன்புள்ள அத்தைக்கு,

செல்வகுமாரி எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி போன மாதத்துக்கு இந்த மாதம் பரவாயில்லை. உங்கள் காது எப்படி இருக்கிறது? சுபாஷ் வாங்கித் தந்த மெஷினை மாட்டிக்கொள்கிறீர்களா, இல்லை அரிசி டப்பாவிலேயே கிடக்கிறதா? போனில் பேசினால் உங்களுக்குக் கூவல்தான் கேட்கிறது என்று உங்கள் மருமகள் கீர்த்தி சொன்னாள். அதனால் பழையபடி கடிதம். எனக்கும் இதுதான் வசதி. எழுதும்போது குறுக்கே யாரும் பேச மாட்டார்கள்.

ஒரு செய்தி. லூசியேன் மதாம் ஜனவரி முதல் வாரத்தில் காலமாகிவிட்டார். தொண்ணூற்று மூன்று வயது. பிரான்சில் ஏதோ சின்ன ஊரில், தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

நம் குப்பத்தில் ஒன்றரை வருஷம் தங்கி, உங்களை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாரே, அவர்தான். எங்கள் கல்லூரியில் மானிடவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அவருடைய புத்தகம் பாடம். உலகத்தில் எங்கெங்கோ கரையோர மக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் எழுதுவதில்லை. ஒரு வீடு என்றால் அது கரையில் இருப்பவர்கள், அதாவது பெண்கள், என்று முதலில் சொன்னவர் அவர்தானாம். நமக்கோ, கருவாட்டைச் சுட்டுச் சோறு இல்லாமல் தின்ற மதாம்.

இறப்பதற்கு முன் ஒரு சீட்டு எழுதிவைத்திருக்கிறார். 1979, 80இல் எழுதிய நோட்டுகள் பத்தொன்பதும் வந்த ஊருக்கே போகட்டும் என்று. அவர் அண்ணன் மகள் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவிட்டார். பிரெஞ்சு தெரிந்த ஆள் நூலகத்தில் நான் ஒருத்திதான். மானிடவியல் பேராசிரியர் பிரிட்டோ நவம்பரில் நினைவுக்கூட்டம் நடத்தி, ஒரு மலரும் போட நினைக்கிறார். "அவரோட நடந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா மேடம்?" என்று கேட்டார். "எங்க அத்தை இருக்காங்க" என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

உங்களுக்கு நினைவில் இருப்பதை எழுதி அனுப்புங்கள். சுபாஷையும் கீர்த்தியையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்,
செல்வி

*

காரைக்கால்
27.2.2025

அன்புள்ள செல்விக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நானும் கீர்த்தியும் பேத்தியும், மூவரும் நலம். அண்ணிக்கு முழங்காலில் தேய்க்க ஒரு எண்ணெய் இங்கே கிடைக்கிறது. பஸ்ஸில் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். காது மெஷின் அரிசி டப்பாவில் இல்லை. பருப்பு டப்பாவில் இருக்கிறது.

மதாம் போன சேதி படித்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

நல்ல பொம்பளை. கன்னியக்கோயிலிலிருந்து சைக்கிளில் வந்தாள். சேலை சங்கிலியில் மாட்டி, குப்பத்து முனையில் அப்படியே நின்றாள். நான்தான் போய்க் கொசுவத்தைக் கிழித்து எடுத்தேன். எட்டாம் வகுப்பு படித்த பொம்பளைப் பிள்ளை குப்பத்தில் நான் ஒருத்தி என்று பஞ்சாயத்தார் என்னைக் கூட அனுப்பினார்கள். அப்போது எனக்கு இருபது வயசு. வீட்டுக்கு உள்ளே வா என்று சொல்லும்வரை வாசலிலேயே நிற்பாள். வெயிலில் மூக்கு சுட்ட எறா மாதிரி சிவந்துவிடும். இதையெல்லாம் உன் பேராசிரியருக்குச் சொல்.

ஒன்று கேட்கிறேன். அந்த நோட்டுகளில் நீல அட்டை போட்டது ஒன்று இருக்கும். ஐப்பசி மாசத்தில் எழுதியது. அதை நீ படிக்காதே. அச்சிலும் வர வேண்டாம். ஏன் என்று கேட்காதே, கண்ணு.

இந்த மாசியில் மீன் குறைச்சல். பேத்திக்குப் பல் விழுந்திருக்கிறது.

அத்தை
திரௌபதி

*

அரியாங்குப்பம்
16.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். பேத்தியின் பல்லைக் கூரையில் எறிந்தீர்களா?

நீல நோட்டைத் தனியே எடுத்து என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். திறக்கவில்லை. ஐப்பசி என்றதும் எனக்குப் புரிந்தது, அப்பா கடலில் போன மாதம் அது. எட்டு மாதக் குழந்தையாக இருந்த எனக்கு அப்பாவைப் பற்றி எழுத்தில் ஏதாவது இருந்தால் படிக்க ஆசைதான். ஆனாலும் நீங்கள் சொன்னால் காத்திருப்பேன்.

மற்ற நோட்டுகளைப் படித்து நானே தனியாகச் சிரிக்கிறேன். நம் பெண்கள் பேசியதை ஆங்கில எழுத்தில் அப்படியே பிடித்துவைத்திருக்கிறார். ஒரு பக்கம் உங்களுக்காகத் தமிழில்:

"இன்னா மதாம், உங்க ஊர்ல மீனே இல்லியா? இங்க வந்து எங்க மீன எண்ணிக்கினு கீற?"

"மீன் இல்லை. மனுஷர் எண்ணுகிறேன்."

"மனுஷன எண்ணி இன்னா பண்ணப் போற, ஏலம் வுடப் போறியா?"

"உனக்கு ஊட்டுக்காரரு இல்லியா?" "இல்லை." "செத்துட்டாரா?" "வரவேயில்லை." "அப்போ நிம்மதி. வுடு."

கடைசி வரிக்குப் பக்கத்தில், 'எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு யோசித்தேன்' என்று எழுதியிருக்கிறார்.

அவருக்கு 'எழுதட்டுமா மதாம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தீர்களாமே? யார் எது சொன்னாலும் பேனாவைத் தூக்கிப் பிடித்து "எழுதட்டுமா?" என்று கேட்டு, தலையாட்டிய பிறகுதான் எழுதுவாராம். அம்மா இப்போதும் அவர் குரலில் சொல்லிக் காட்டுகிறாள்.

பேராசிரியர் பிரிட்டோ தேடுவது வேறு. மதாமின் புத்தகத்தில் ஒரு குறை உண்டு. எத்தனை வீடு, எத்தனை ஆண், எத்தனை பெண் என்ற பட்டியல் அதில் இல்லை. முன்னுரையில் ஒரே வரி: 'குடிக்கணக்குப் பட்டியல் இந்த நூலில் இல்லை. பொறுப்பு என்னுடையது.' ஒரு குப்பத்து ஆண்களை எண்ணத் தெரியாதவள் என்று மற்ற அறிஞர்கள் நாற்பது வருஷம் கேலி செய்திருக்கிறார்கள். அவர் ஒரு பதிலும் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் நோட்டுகளில் இருக்கும், மலரில் போட்டுவிடலாம் என்று பிரிட்டோ துடிக்கிறார்.

கேட்க மறந்தேன். நீங்கள் எந்தக் கடிதத்திலும் சுபாஷ் நலம் என்று எழுதுவதில்லை. மூவரும் நலம் என்றே முடிக்கிறீர்கள். அம்மாவும் பிள்ளையும் சண்டையா?

அன்புடன்,
செல்வி

*

காரைக்கால்
4.5.2025

அன்புள்ள செல்விக்கு,

நானும் சுபாஷும் கீர்த்தியும் பேத்தியும், நாலு பேரும் நலம். தடைக்காலம், படகு கரையில் நிற்கிறது. சுபாஷ் வீட்டிலேயே உட்கார்ந்து என் சமையலில் உப்பு பார்க்கிறான். இன்னும் ஒன்றரை மாசம் இவனைத் தாங்க வேண்டும்.

சண்டையெல்லாம் இல்லை. நீ படித்தவள், குப்பத்தில் வளராதவள், தெரிந்திருக்காது. கடலுக்குப் போனவனைக் கரையில் இருக்கிறவள் எண்ணிச் சொல்லக் கூடாது. சொன்னால் கடலுக்குக் கேட்கும். திரும்பி வந்து அவன் கால் மணலில் பட்டபிறகுதான் அவன் வீட்டு ஆள். நான் உனக்குக் கடிதம் எழுதுவது காலையில். அந்நேரம் சுபாஷ் கடலில். அதனால் மூவர். இப்போது கரையில், அதனால் நாலு. அவ்வளவுதான்.

மதாமுக்கு இது தெரியாது. வெயிலுக்கு முன்னே வேலையை முடிக்க வேண்டும் என்று காலையில்தான் எண்ணக் கிளம்புவாள். அப்போது ஆம்பளை எல்லாம் கடலில். ஒவ்வொரு வீட்டிலும் "ஆம்பள யாரும் இல்ல" என்பார்கள். இல்லாவிட்டால் "ஒருத்தரு" என்பார்கள், அது வலை முடைகிற கிழவர். நான் அப்படியே சொல்வேன், அவள் அப்படியே எழுதுவாள். பத்து நாள் ஆனதும் என்னைப் பார்த்து, "திரௌபதி, இங்கே பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள், மழையிலா?" என்று கேட்டாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போதும் சொல்லவில்லை. அந்த வழக்கத்தை விளக்கிச் சொன்னாலே எண்ணின மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

ஆகவே பட்டியல் என்று உன் பேராசிரியர் தேடுவதில் ஒன்றும் இல்லை. அதை விட்டுவிடச் சொல்.

நீல நோட்டு உன்னிடமே இருக்கிறதா? யாரும் எடுக்கவில்லையே?

அண்ணிக்கு எண்ணெய் வந்து சேர்ந்ததா?

அத்தை

*

அரியாங்குப்பம்
22.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

எண்ணெய் வந்தது. அம்மா நாற்றம் தாங்கவில்லை என்று திட்டிக்கொண்டே தினமும் தேய்க்கிறாள். சுபாஷின் படகு இறங்கியிருக்கும். எல்லோரும் நலமென நம்புகிறேன்.

ஒரு சங்கடம். நோட்டுகளை ஒன்று, இரண்டு என்று நான் மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். நேற்று பிரிட்டோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏழாம் நோட்டு எங்க மேடம்?"

"என்கிட்டதான் சார் இருக்கு."

"அதுலதான் கணக்கெடுப்பு முடியுது. அது இல்லாம பட்டியல் போட முடியாது. உங்களுக்கு நேரம் இல்லன்னா பல்கலைக்கழகத்துலருந்து ஒரு பையன வரவச்சிடறேன்."

அவர் கெட்டவர் அல்ல. ஜூலை கடைசிவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் பிடித்துவைக்க முடியாது. நோட்டு கல்லூரியின் சொத்து.

அதில் நம் வீட்டைப் பற்றி ஏதோ இருக்கிறது. அது எனக்குத் தெரிந்துவிடுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அந்நிய மனிதன் ஒருவன் அதைப் படித்து அச்சில் போட்டு, நான் மலரில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, நீங்கள் சொல்லித் தெரிந்துகொள்வது எனக்கு நல்லது. படிக்காதே என்றால் இப்போதும் படிக்க மாட்டேன். சொல்லுங்கள், அத்தை.

செல்வி

*

காரைக்கால்
17.7.2025

செல்விக்கு,

மூவரும் நலம்.

இதை எழுத நாலு காகிதம் கிழித்தேன். இது ஐந்தாவது.

அந்த ஐப்பசியில் மதாம் நம் வீட்டுக்கு எண்ண வந்தாள். எல்லா வீட்டுக்கும் நான் கூடப் போய்ச் சொன்னேன். நம் வீட்டுக்கு நானேதான் சொல்ல வேண்டும். அப்பா வாசலில் வலை முடைந்துகொண்டிருந்தார். சம்மந்தம் அண்ணன் விடியுமுன்னே கட்டுமரத்தில் போய்விட்டது. அண்ணி உன்னைத் தூளியில் போட்டுவிட்டுத் தண்ணிக்குப் போயிருந்தாள்.

ஆம்பளைங்க எத்தனை என்று கேட்டாள். ஒண்ணு என்றேன். மறுபடி கேட்டாள். ஒண்ணு என்றேன். முந்தின நாள் அண்ணன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதை அவள் பார்த்திருந்தாள். சிரித்துக்கொண்டே மூணாம் தடவை கேட்டாள். நான் படித்தவள், அவள் கூட நடக்கிறவள், அவளிடம் பொய் சொல்கிறேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

ரெண்டு என்றேன்.

அந்தியில் கட்டுமரம் மட்டும் ஒதுங்கியது. மூணாம் நாள் சோரியாங்குப்பம் முகத்துவாரத்தில் அண்ணன் கிடைத்தது.

வாயால் சொன்னது நான்தான், செல்வி. மதாமைத் தவிர இது யாருக்கும் தெரியாது. அண்ணிக்குத் தெரியாது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் போட்டதும், மீன் கூடை தூக்கிக் காலேஜ் வரைக்கும் அனுப்பியதும் இதனால்தான். அப்பன் இல்லாமல் செய்தவள், வேறு என்ன செய்ய முடியும்?

இனி நீ அந்த நோட்டைப் படித்துக்கொள்.

திரௌபதி

*

காரைக்கால்
5.9.2025

அன்புள்ள செல்விக்கு,

அத்தை எழுதுவது. இங்கே மூவரும் நலம். கடிதம் வரவில்லை. தபால்காரன் தெருமுனையில் திரும்பும்போது எனக்குக் காது கேட்காவிட்டாலும் தெரிந்துவிடுகிறது.

எழுத வேண்டும் என்று இல்லை. நீயும் அண்ணியும் சுகமா என்பதை மட்டும் ஒரு கார்டில் போடு. அண்ணியிடம் சொல்லியிருந்தால், அவள் என்ன சொன்னாளோ அதையும் மறைக்காமல் எழுது. திட்டியிருந்தாலும் சரி.

சங்கரா மீன் நிறையக் கிடைக்கிறது. உனக்குப் பிடிக்கும்.

அத்தை

*

அரியாங்குப்பம்
14.10.2025

என் அன்புள்ள அத்தைக்கு,

அம்மாவும் நானும் சுகம். மூன்று மாதம் உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னியுங்கள். உங்கள் இரண்டு கடிதங்களும் என் கைப்பையிலேயே இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது எடுப்பேன், பிரிக்காமல் உள்ளே வைப்பேன்.

எனக்குக் கோபம்தான். அப்பாவுக்காக அல்ல. அப்பா எனக்கு ஒரு போட்டோ. கோபம் உங்கள் கடைசி வரிகளால் வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது மூன்று இரவு என் தலைமாட்டில் உட்கார்ந்தீர்கள். கல்லூரியில் சேர்ந்த நாளில், மீன் வாடை வரும் என்று கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு எனக்குக் கையாட்டினீர்கள். அதெல்லாம் எனக்காக என்று நாற்பத்தாறு வருஷம் நினைத்திருந்தேன். அப்பாவுக்கான பரிகாரம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். இதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. நான் பிரெஞ்சு எடுத்தபோது நீங்கள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாதது ஏன் என்பது மட்டும் புரிந்தது.

போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொன்னாளாமா? ரெண்டுன்னு?"

"ஆமாம்மா."

"நான் தெனம் எண்ணுவேன்டி. உங்கப்பன் கட்டுமரம் தள்ளிக்கினு போன கையோட, உள்ளுக்குள்ள, மாமனாரு, உங்கப்பன், நானு, நாத்தனா, புள்ளன்னு. எண்ணாம ஒரு நாளு இருந்ததில்ல. அன்னிக்கும்தான் எண்ணுனேன். வாயில வராத கணக்கு கடலுக்குக் கேக்காதா இன்னா?"

பிறகு முருங்கைக் காம்பை என் மேல் எறிந்தாள். "நாப்பத்தாறு வருசம் நான்தான்னு நெனச்சிக்கினு கீறேன். அவ தனியா வச்சிக்கினா, நான் தனியா வச்சிக்கினேன். கூறுகெட்டவளுங்க. ரெண்டு பேரும் ஒரு வாட்டி வாயத் தொறந்து அழுதிருக்கலாம். எழுது அவளுக்கு. எண்ணெய் நாத்தம் தாங்கலன்னும் எழுது."

பிரிட்டோவிடம் ஜூலைக்குப் பிறகும் தவணை வாங்கியிருந்தேன்; அன்று இரவே நீல நோட்டைத் திறந்தேன். உங்களுக்கும் எனக்கும் பொதுவானது இது, அதனால் விடாமல் தமிழில் தருகிறேன்.

'காலை பத்தேகால். திரௌபதியின் வீடு. ஆண்கள்? ஒன்று என்றாள். நேற்று அவள் அண்ணனுடன் நான் சாப்பிட்டேன். மறுபடி கேட்டேன். ஒன்று. மூன்றாம் முறை கேட்டேன், விடை தெரிந்த ஆசிரியை சிரிப்பாளே, அந்தச் சிரிப்புடன். இரண்டு என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. எழுதினேன்.'

அதற்கு அடுத்த நாலு நாள் எதுவும் இல்லை. தேதிகள் மட்டும் இருக்கின்றன. பிறகு:

'கூடைக்காரப் பெண் ஒருத்தி இன்று என்னிடம் வழக்கத்தைச் சொன்னாள். நான் கேட்கவில்லை, தானாகச் சொன்னாள். இப்போது தெரிகிறது, அந்தப் பெண்ணின் வாயிலிருந்து நான் எதைப் பிடுங்கினேன் என்று. ஒரு சொல் கட்டுமரத்தைக் கவிழ்க்காது. இது எனக்குத் தெரியும். திரௌபதிக்கு அதை எடுத்துச் சொல்ல என்னிடம் அவ்வளவு தமிழ் இல்லை. இருந்தாலும் அவள் நம்ப மாட்டாள். அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டவள் நான். எழுதியவளும் நான். அவள் சுமப்பதில் என் பங்கை நான் சுமக்கிறேன். இனி எதையும் கேட்காமல் எழுத மாட்டேன்.'

நம் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்த 'எழுதட்டுமா' அடுத்த பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது, அத்தை. அதற்கு முந்தைய ஆறு நோட்டிலும் அந்தச் சொல்லே இல்லை. போய்ப் பார்த்தேன்.

இன்னொன்று. அதற்குப் பிறகும் அவர் வீடு வீடாகப் போயிருக்கிறார், நீங்களும் கூடப் போயிருக்கிறீர்கள். பெண்கள், பிள்ளைகள், கோழி, வலை எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. ஆண்கள் என்ற பத்தியில் மட்டும் எண் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பேனாவால் ஒரு சின்ன அலை வரைந்திருக்கிறார். ஒருவர் கடலுக்குப் போன வீட்டுக்கும் ஒரே அலை, நாலு பேர் போன வீட்டுக்கும் ஒரே அலை. பழைய பக்கங்களுக்குத் திரும்பி வந்து, நம் வீட்டுக்கு நேரே இருந்த 2ஐ அடித்துவிட்டு அங்கேயும் அலை போட்டிருக்கிறார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. என்னைவிட இரண்டே வயது மூத்தவர்.

பிரிட்டோவிடம் அந்தப் பக்கங்களைக் காட்டினேன், நம் வீட்டுக் கதையைச் சொல்லாமல் வழக்கத்தை மட்டும் சொல்லி. பக்கங்களை மறுபடி புரட்டினார். "விவரம் கிடைக்கலன்னு குறி போட்டிருக்காங்கன்னு நெனச்சேன் மேடம். வகுப்புல இருபது வருஷமா அப்படித்தான் சொல்லியிருக்கேன், எண்ணாம விட்டுட்டாங்கன்னு." பட்டியலைப் போட வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அவர். அலைகள் இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் அப்படியே படமாகப் போடலாம் என்கிறார். ஆனால் ஏன் அலை என்று நாலு வரி வேண்டுமாம். அந்த நாலு வரியை நம் வீட்டைச் சொல்லாமல் என்னால் எழுத முடியவில்லை. நேற்று வரை முயன்றேன். வழக்கத்தை மட்டும் எழுதினால், மதாம் ஏதோ பண்பாட்டுக்காகச் செய்ததுபோல ஆகிவிடுகிறது. ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் செய்தார் என்பது வர மாட்டேன் என்கிறது.

நவம்பர் எட்டாம் தேதி கூட்டம். நீங்கள் வர வேண்டும். வராவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பெயர், அப்பாவின் பெயர், ஐப்பசி மாதம், நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்.

எழுதட்டுமா, அத்தை?

என்றும் உங்கள்,
செல்வி

பி.கு. காய்ச்சல் அன்று தலைமாட்டில் உட்கார்ந்தது பரிகாரத்துக்காகவா, எனக்காகவா? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

*

காரைக்கால்
29.10.2025

என் கண்ணு செல்விக்கு,

நலம் விசாரிப்பை முதலில் எழுதவில்லை. கை அங்கேயே நின்றது. கடைசியில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நான் படித்தேன், பிறகு பேத்தியை உரக்கப் படிக்கச் சொன்னேன். அதற்காகக் காது மெஷின் மாட்டினேன். கூவலுக்கு நடுவே அண்ணி சொன்னது நன்றாகக் கேட்டது. முருங்கைக் காம்பை எறிந்தாள் என்ற இடத்தில் பேத்தி சிரித்தாள். நான் அழுதேன். அவள் பயந்துபோய்க் கீர்த்தியைக் கூப்பிட்டாள்.

மதாம் ஊருக்குத் திரும்பிய அன்று கன்னியக்கோயில் பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். பஸ் வந்துவிட்டது. பிறகு வருஷா வருஷம் புதுவருஷத்துக்குக் கார்டு வரும். பதில் போட்டதில்லை. கார்டில் ஒன்றும் எழுதியிருக்காது, கீழே ஒரு வளைகோடுதான் இருக்கும். அவள் கையெழுத்து என்று நினைத்தேன், செல்வி. நாற்பத்து நாலு கார்டு. பெட்டியில்தான் இருக்கின்றன. எட்டாம் தேதி கொண்டுவருகிறேன்.

காய்ச்சலைக் கேட்டாயே. முதல் இரவு அண்ணனுக்காக உட்கார்ந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ரெண்டாம் இரவு நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாய். அதற்குப் பிறகு அண்ணன் நினைப்பே வரவில்லை. விரலை எடுத்தால் விழித்துக்கொள்வாயோ என்ற நினைப்புதான். இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

எழுது. எல்லாப் பெயரையும் போடு.

அண்ணியிடம் சொல், வந்து அவள் பக்கத்தில் ஒரு வாரம் இருப்பேன். ரெண்டு பேரும் வாயைத் திறந்து அழுகிறோம். எண்ணெயும் கொண்டுவருகிறேன். நாறட்டும்.

இப்போது காலை ஆறரை. இது ஐப்பசி. நேற்று மழை. இன்று காற்று பரவாயில்லை என்று விடியுமுன்னே படகு போயிருக்கிறது. பயம் போய்விட்டது என்று நினைக்காதே. படகு வரட்டும், அதற்குப் பிறகு எழுதலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. வந்தபிறகு எழுதினால் அது எண்ணினது ஆகாது. அதனால் இப்போதே எழுதி, இப்போதே போய்ப் பெட்டியில் போடுகிறேன்.

இங்கே நான், கீர்த்தி, பேத்தி, கடலில் இருக்கிற சுபாஷ். நாங்கள் நாலு பேரும் நலம்.

உன் அத்தை,
திரௌபதி